அறுபதுக்கு மேல் எண் இல்லாத மீட்டர்

எங்கள் வீட்டுக்காரர் முள் குதிக்கிறதென்று எங்கள் காரிலிருந்து வேகம் காட்டும் மீட்டர் போர்டைக் கழற்றி, பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி, அலமாரியின் மேல்தட்டில் வைத்தது ஒரு வியாழக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை பிரித்துச் சுத்தம் பண்ணி மாட்டிவிடுவதாகச் சொன்னார். சனிக்கிழமை காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் கையிலிருந்து பிரஷ் விழுந்தது. குனிந்து எடுக்கப் போனவர் எழுந்திருக்கவில்லை. அப்புறம் அந்தத் துணி மூட்டையை யார் நினைத்துப் பார்த்தார்கள்?

வலது பக்கம் வாதம். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது கால் ஓரளவு வந்துவிட்டது, சுவரைப் பிடித்து நடந்தார். பேச்சும் வந்துவிட்டது, நாக்கு மட்டும் அங்கங்கே வழுக்கும். கைதான் வரவில்லை. தோளிலிருந்து அது பாட்டுக்குத் தொங்கியது. முதல் சில மாதங்கள்தான் முக்கியம், அதற்குள் கையை விடாமல் வேலை வாங்க வேண்டும், விட்டுவிட்டால் அப்புறம் கொண்டுவருவது கஷ்டம் என்று டாக்டர் எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்தே சொன்னார். நான் கேட்டுக்கொண்டேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவர் நிட்டிங் பிட்டர். வட்ட வட்டமாகச் சுற்றித் துணி பின்னுகிற மெஷின்களோடு வாழ்ந்தவர். ஊசி மாற்றுவது, நூல் இழுவையைச் சரி பண்ணுவது எல்லாம் அந்த வலது கைதான். அது போனால் வேலை மட்டும் போகாது, ஆளே போய்விடுவார் என்று எனக்குத் தெரியும். காலண்டரைப் பார்த்தாலே எனக்குப் பகீரென்று இருக்கும். தாளைக் கிழிக்காமல் விட்டால் நாள் நிற்குமா என்றுகூட யோசித்திருக்கிறேன், அவ்வளவு கிறுக்கி ஆகிவிட்டிருந்தேன்.

பயிற்சி கொடுக்க ஒரு பிசியோதெரபி பொண்ணு வீட்டுக்கு வரும். பொறுமையான பிள்ளை. ஒரு ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்லும். இவர் அமுக்க மாட்டார். அது போன பிறகு நான் கொடுத்தால் என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். ஒருநாள் பந்தை இடது கையில் வாங்கினார், அப்பாடா, மனசு மாறிவிட்டது என்று நினைத்தேன், பொசுக்கென்று காம்பவுண்டுக்கு அக்கட்ட வீசிவிட்டார். பக்கத்துக் காட்டு முருங்கை மரங்களுக்கு நடுவே போய் விழுந்தது. நான் போய்ப் பொறுக்கி வந்தேன். மறுபடி வீசினார். மறுபடி பொறுக்கி வந்தேன். கடைசியில் அந்தக் காட்டுக்காரரே, "ஏனுங்கம்மிணி, வேலியில ஒரு சந்து வுட்டரட்டுங்களா, நீங்க வந்து போக சவுகரியமா இருக்கும்" என்று லொள்ளுப் பேசினார். சிரிக்க வேண்டிய பேச்சுத்தான். எனக்கு அன்றைக்கு அழுகை வந்தது.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். எனக்குச் சும்மா உட்கார வராது, வாயும் சும்மா இருக்காது. மண்ணரையில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் செக்‌ஷனுக்கு நான்தான் சூப்பர்வைசர். தைத்து வருகிற பீஸ்களில் குறை கண்டுபிடிப்பது எங்கள் வேலை. ஓட்டை, தையல் விட்டது, ஆயில் கறை என்று எது இருந்தாலும், அந்த இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கரை ஒட்டுவோம். குறை இங்கே இருக்கிறது என்று அம்பு காட்டும். ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டிருந்தால் வேலை ஆகாது என்று பத்துப் பன்னிரண்டை உரித்து இடது புறங்கையில் வரிசையாக ஒட்டி வைத்துக்கொள்வோம், வேண்டும்போது பிய்த்துப் பீஸில் ஒட்டுவோம். வீட்டுக்கு வந்த பிறகும் என் புறங்கையில் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். ஊரில் உள்ள பனியனுக்கெல்லாம் குறை சொல்கிறாயே, முதலில் உன் குழம்பைச் செக் பண்ணு என்று அவர் கிண்டல் பண்ணுவார். பண்ணுவார் என்றால், முன்னே.

அந்த மீட்டர் போர்டை நான் கீழே இறக்கியது பாசத்தினால் இல்லை, கோபத்தினால். தப்பாக ஒரு வேலை நடந்தால் அவருக்குப் பொறுக்காது. மற்ற பிட்டர் யாராவது ஸ்பானரைக் கோணலாகப் பிடித்தால்கூடப் பிடுங்கிக்கொள்வார். சரி, நீங்கள் பந்தை அமுக்க மாட்டீர்கள் அல்லவா, உங்கள் கண் முன்னாலேயே உங்கள் காரின் மீட்டரை நான் கண்டபடி பிரித்துப் போடுகிறேன், கை தானாக வருகிறதா இல்லையா பார்க்கிறேன் என்று முடிவு பண்ணினேன். இதை ஒரு யோசனை என்று சொல்லவே இப்போது வெட்கமாக இருக்கிறது. ஆனால் டாக்டர் சொன்ன மாதங்கள் ஓடிக்கொண்டிருந்தன, வேறு யோசனையும் எனக்கு வரவில்லை.

கார் என்பது பழைய அம்பாசிடர். வெள்ளகோவிலில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு அரிசி மில்லின் பின்னால் கோழி அடைந்து கிடந்ததை வாங்கி, ஒவ்வொன்றாகச் சரி பண்ணி ஓட வைத்தார். முன்சீட்டு ஒரே பெஞ்சு, கியர் ஸ்டியரிங்கை ஒட்டி இருக்கும், பெல்ட் கிடையாது. மீட்டர் போர்டு ஓட்டுகிறவருக்கு நேராக இருக்காது, டேஷ்போர்டின் நட்டநடுவில் இருக்கும். வேகம் எவ்வளவு என்று ஓட்டுகிறவருக்குத் தெரிகிற அளவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவருக்கும் தெரியும். அதனாலேயே எங்கள் வீடு இருக்கிற பெருமாநல்லூரிலிருந்து வெள்ளகோவில் போய்ச் சேரும் வரைக்கும் எங்களுக்குள் ஒரியாட்டம் ஓயாது. மெதுவாகப் போங்க, அறுபதைத் தாண்டிவிட்டது பாருங்க என்று நான். வாயை மூடிக்கொண்டு வா என்று அவர்.

இன்னொரு பழக்கமும் அவருக்கு உண்டு. பிரேக் அடித்தால் அவருடைய இடது கை சடாரென்று என் குறுக்கே வந்து நிற்கும், நான் முன்னால் போய் இடித்துக்கொள்ளாமல் இருக்க. நல்ல எண்ணம்தான். ஆனால் பிட்டர் கை அல்லவா, உலக்கை மாதிரி வந்து விழும். ஒருமுறை என் மூக்குக் கண்ணாடி தெறித்து ஓடியது. நானென்ன கொழந்தையா, கையெடுங்க என்று ஒவ்வொரு முறையும் சத்தம் போடுவேன். எடுப்பார். அடுத்த வேகத்தடையில் மறுபடி வரும்.

மேஜையில் பழைய வேட்டியை விரித்து, போர்டை வைத்து, ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன். அவர் எதிரே நாற்காலியில். வேண்டுமென்றே பெரிய டிரைவரால் சின்னத் திருகைத் திருகினேன். திருகின் தலை நசுங்கியது. அவர் கண் அந்தத் திருகுக்குப் போனது. இன்னொன்றை நசுக்கினேன். அவர் தொண்டையைச் செருமினார். மூன்றாவதைத் தொடும்போது இடது கையை நீட்டி, டிரைவரைப் பிடுங்கி வைத்துவிட்டு, டப்பாவிலிருந்து சின்னதை எடுத்து என் பக்கம் தள்ளினார். அவ்வளவுதான், அதற்கு மேல் ஒன்றும் இல்லை, வலது கை மடியில் கிடந்தது கிடந்தபடி. எனக்குச் சந்தோஷப்படுவதா எரிச்சல்படுவதா என்று தெரியவில்லை. இரண்டும் பட்டேன்.

முள்ளைக் கழற்றச் சொல்லிக்கொடுத்தார், இரண்டு கரண்டிக் காம்பை அடியில் கொடுத்து நெம்பி. முள் வந்தது. எண்கள் எழுதிய கறுப்புத் தகடும் வந்தது. ஏன் இந்த மீட்டரின் முள் குதித்துக்கொண்டே இருந்தது என்பது அப்போது தெரிந்தது. சக்கரத்துப் பக்கமிருந்து வருகிற கேபிளில் யாரோ ஒரு காலத்தில் கிரீஸை அப்பிவிட்டிருக்கிறார்கள். அது மெல்ல மெல்ல மேலே ஏறி மீட்டருக்குள் வந்து, இறுகிப் பிசினாகி, தகட்டின் பாதியில் மஞ்சளாக ஒரு கறையும் ஆகிவிட்டது. உள்ளே இருந்த பிசினை மண்ணெண்ணெயில் நனைத்த தீக்குச்சியால் எடுத்தோம், அதாவது நான் எடுத்தேன், அவர் இங்கே அங்கே என்று விரலால் காட்டினார். தகட்டை மட்டும் என் பையில் போட்டுக்கொண்டேன். ஆயில் கறை அல்லவா? ஆயில் கறை எடுப்பதில் என்னை மிஞ்ச ஆள் யார்?

எங்கள் செக்‌ஷனில் அதற்கென்றே ஒரு கன் இருக்கிறது. துப்பாக்கி மாதிரிதான் பிடிக்க வேண்டும், அழுத்தினால் மருந்து ஊசிபோலப் பாயும், வேஸ்ட் துணியால் ஒரு துடை துடைத்தால் வெள்ளைப் பீஸில் கறை இருந்த இடம் தெரியாது. மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் பெண்களெல்லாம் டிபன் பாக்ஸோடு போன பிறகு தகட்டை மேஜையில் வைத்து அழுத்தினேன். கறை ஓடியது. ஒரு துடை. இத்தனை வருஷம் கை பழகின துடை, யோசிப்பதற்கு முன்னாலேயே முடிந்துவிட்டது. துணியைப் பார்த்தேன். துணி வெள்ளையாக இருந்தது. தகட்டைப் பார்த்தேன். கறையும் இல்லை, எண்களும் இல்லை. கோடு இல்லை, இருபது இல்லை, நாற்பது இல்லை, ஒன்றுமே இல்லை. பளபளவென்று கறுப்பாக, கழுவின தோசைக்கல் மாதிரி இருந்தது.

வெறும் துணியையும் கறையையுமே பார்த்துப் பழகின கண்ணுக்கு, எண் என்பது வண்ணத்தால் எழுதினது, அதுவும் மருந்துக்குக் கறைதான் என்று தோன்றவே இல்லை. அன்றைக்கு மிச்ச நேரம் முழுக்க எல்லோர் மேலும் எரிந்து விழுந்தேன். ஒரு பீஸ்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. எப்படிச் சொல்வது, சொல்லாமலே அலமாரியில் ஏற்றிவிடலாமா என்று பஸ் வரும் வரைக்கும் யோசித்தேன். பஸ்ஸில் உட்காரவும் முடியவில்லை, இடம் இருந்தும் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டே வந்தேன்.

தகட்டை அவர் மடியில் வைத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார். மண்ணரையில் நடந்ததைச் சொன்னேன்.

"ஏம்புள்ள, உனக்கு அறிவிருக்குதா?" என்றார். குளறாமல் வந்தது. அதோடு நிற்கவில்லை. பனியனும் இதுவும் ஒன்றா, கேட்டுவிட்டுச் செய்ய வாயில்லையா, நான் என்ன செத்தா போய்விட்டேன் என்று மூச்சு வாங்க வாங்கத் திட்டினார். நான் தலையைக் குனிந்து நின்றேன். அத்தனை மாதத்தில் அவர் என்னைப் பார்த்துப் பேசின அதிகப் பேச்சு அதுதான். இன்னும் கொஞ்சம் திட்டுங்க சாமி என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். ஆனால் திட்டி முடித்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். இரண்டு நாள் தகடு டிவி மேல் கிடந்தது. பந்தும் அதன் பக்கத்திலேயே கிடந்தது.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. எங்கள் கம்பெனிக்குக் கழுத்து லேபிள் அடித்துத் தருகிற தம்பி ஒருவர் இருக்கிறார், திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். பனியனின் கழுத்துக்கு உள்ளே சைஸ் அடிக்கிற வேலை. மெஷினில் ரப்பர் குமிழ் ஒன்று மையைத் தொட்டு வந்து துணியில் ஒற்றி எடுக்கும். துணியில் ஒற்றுகிறது தகட்டில் ஒற்றாதா? கொண்டுபோய்க் காட்டினேன். மையை மாற்றினால் தகட்டிலும் நிற்கும் என்றார். பிறகு தகட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அடிச்சித் தாரேன்க்கா, அதுக்கென்ன. எங்கன எது வரணும்னு நீங்கல்லா சொல்லணும்?"

அதுதானே. போனில் படம் தேடினோம். ஒரு படத்தில் எண்கள் நெருக்கமாக இருந்தன, இன்னொன்றில் அகலமாக. ஒன்றில் மைல் கணக்கு. எந்த வருஷத்து வண்டிக்கு எந்த மீட்டர் என்று யாருக்குத் தெரியும்? இதில் எங்கள் முள்ளை வேறு கழற்றியாகிவிட்டது, அது திரும்பப் பழைய இடத்திலேயே உட்காரும் என்று சொல்ல முடியாது. ஏதோ ஒன்றை அடித்து மாட்டினால் அது பாட்டுக்குப் பொய் சொல்லிக்கொண்டிருக்கும். வீட்டுக்கு வந்து, ஏனுங்க, ஒரு படத்தைப் பார்த்து அப்படியே அடித்துவிடச் சொல்லட்டுமா என்று கேட்டேன். வேண்டுமென்றே கேட்டேன்.

என் பக்கம் திரும்பினார். "ஓட்டிப் பாத்துக் குறிக்கோணும்" என்றார்.

அவர் திட்டம் இதுதான்: போர்டை வெறும் தகட்டோடு திரும்ப மாட்டுவது, முன்கண்ணாடியை மட்டும் மாட்டாமல் விட்டுவிடுவது. எங்கள் மகள் வந்திருந்தபோது என் போனில் வேகம் காட்டுகிற ஆப் ஒன்றைப் போட்டுக் கொடுத்திருந்தாள். அதில் இருபது காட்டும்போது முள் எங்கே நிற்கிறதோ அங்கே ஒரு குறி. நாற்பதுக்கு ஒன்று, அறுபதுக்கு ஒன்று, எண்பதுக்கு ஒன்று. நடுவில் இருப்பதைப் பிரித்துக்கொள்ளலாம். குறி வைக்கிற வேலை அவருக்கு. ஓட்டுகிற வேலை எனக்கு, வேறு யாருக்கு? என்னிடம் லைசென்ஸ் உண்டு. அவரே சொல்லிக்கொடுத்ததுதான். ஆனால் அவர் பக்கத்தில் இருந்தால் எனக்கு ஓட்ட வராது, அவருக்கும் உட்கார வராது.

ஞாயிற்றுக்கிழமை காலை, வெள்ளகோவில் அம்மா வீட்டுக்கு வருவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். முள்ளை அவர்தான் இடது கையால், சுழி இருக்க வேண்டிய இடத்துக்கு நேராக வைத்து அழுத்தினார். கேபிளை நான் டேஷ்போர்டுக்கு அடியில் தலையைக் கொடுத்து மாட்டினேன், புடவையெல்லாம் அழுக்கு. குறி வைக்க வெள்ளைப் பென்சில் தேடினால் கிடைக்கவில்லை. என் பையில் ஆரோ ஸ்டிக்கர் சுருள் இருந்தது. இதைவிட வேறென்ன வேண்டும்? உரித்து உரித்து வரிசையாக ஒட்டினேன். ஒட்டின பிறகுதான் எதில் ஒட்டியிருக்கிறேன் என்று பார்த்தேன். சீட்டில் எனக்குப் பக்கமாகக் கிடந்த அவருடைய வலது புறங்கையில். கம்பெனியில் புறங்கையில் ஒட்டிப் பழக்கம், யோசிக்காமல் செய்துவிட்டேன். செயலற்ற அந்தக் கையில் சிவப்பு அம்புகள் வரிசையாக நின்றன, குறை இங்கேதான் என்று காட்டிக்கொண்டு. பிய்க்கப் போனேன்.

"இருக்கட்டும்" என்றார். "இதுக்காச்சும் ஆகுதே."

வண்டியை எடுத்தேன்.

ஊருக்குள் இருபது. அதிலேயே வைத்திரு, ஏற்றாதே, இறக்காதே என்றார். ஒரே வேகத்தில் வைத்திருப்பதுதான் எனக்கு வராது. போனில் பதினெட்டு, இருபத்திரண்டு, பதினேழு என்று ஆடியது. கடைசியில் இருபதில் நின்றது. அவர் வலது புறங்கையிலிருந்து ஒரு அம்பை இடது கையால் பிய்த்துத் தகட்டில் முள்ளின் நுனிக்கு நேராக ஒட்டினார். காங்கயம் ரோட்டுக்கு வந்து நாற்பது. முள் குதிக்காமல் ஏறியது. அதைப் பார்த்தபோது அவருக்கு வாய் ஓரம் கொஞ்சம் அசைந்தது, நான் பார்க்காத மாதிரி ஓட்டினேன். இரண்டாவது அம்பு ஒட்டினார். காங்கயம் தாண்டினதும் ரோடு காலியாகக் கிடந்தது, இரண்டு பக்கமும் கிளுவை வேலி, வெயில் ஏறிக்கொண்டிருந்தது. அறுபதுக்குப் போ என்றார். அந்த வண்டியில் நான் அறுபது போனதே இல்லை. ஸ்டியரிங் நடுங்கியது, இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவர் முன்னால் சாய்ந்து மூன்றாவது அம்பைத் தகட்டில் ஒட்டிவிட்டுக் கையை எடுத்தார்.

வேலிக்குள்ளிருந்து ஒரு பெட்டை மயில் ரோட்டுக்குக் குறுக்கே ஓடி வந்தது. நடுவில் வந்து நின்று என்னைப் பார்த்தது. நான் பிரேக்கின் மேல் ஏறி நின்றேன்.

என் நெஞ்சில் ஏதோ வந்து விழுந்தது. கழுத்தெலும்புக்குக் கீழே, தாலிக்கொடி அழுந்துகிற மாதிரி. வண்டி இழுத்துக்கொண்டு போய் ரோட்டோரம் நின்று அணைந்துவிட்டது. மயில் இறக்கையை அடித்து வேலிக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. நான் வாயைத் திறந்தேன். கையெடுங்க, நானென்ன கொழந்தையா என்று அத்தனை வருஷப் பழக்கத்தில் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அப்புறந்தான் உறைத்தது. நான் ஓட்டுகிறேன். அவர் இடது பக்கம் உட்கார்ந்திருக்கிறார். என் பக்கம் இருப்பது வலது கை.

அது என் நெஞ்சிலிருந்து வழுக்கி என் மடியில் விழுந்து கிடந்தது. என் புடவையின் தோள் பக்கத்தில் சிவப்பு அம்புகள் இரண்டு மூன்று ஒட்டிக்கொண்டிருந்தன. கையெடுங்க என்று நான் சொல்லவில்லை. சொன்னாலும் அவரால் எடுத்திருக்க முடியாது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்த்திருந்தது.

"நாந் தூக்குல" என்றார். "அதுவா வந்துச்சு."

நான் அழுதேன். சொல்வதற்கு என்ன இருக்கிறது, ஸ்டியரிங்கில் தலையை வைத்து, ரோட்டில் போகிறவர்கள் பார்க்கிறார்கள் என்றுகூட இல்லாமல் அழுதேன். பின்னால் பைக்கில் வந்தவர் நிறுத்தி, ஏனுங்க, அடிகிடி பட்டுருச்சுங்களா என்று கேட்டார். இல்லீங்க என்று அவர்தான் பதில் சொன்னார். பைக் போனது. இடது கையால் என் மடியிலிருந்து அந்தக் கையைத் தூக்கிச் சீட்டில் வைத்தார். பிறகு என் தோளில் ஒட்டியிருந்த அம்புகளை ஒவ்வொன்றாகப் பிய்த்து, திரும்ப அந்தப் புறங்கையிலேயே ஒட்டினார்.

"இன்னொருக்கா பிரேக்கப் போடு பாக்கலாம், அம்மிணி."

கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளப்பினேன். கொஞ்ச தூரம் போய், போடறனுங்க என்று சொல்லிப் பிரேக் போட்டேன். கை வரவில்லை. சீட்டில் கிடந்தது. அவர் முகத்தைப் பார்க்கவே பயந்தேன். ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார் என்று நினைத்தேன். திரும்பவில்லை. என் மேல்தான் எரிச்சலாக இருந்தார், நசுங்கின திருகைப் பார்த்த அன்றைக்கு இருந்த மாதிரி.

"நீ சொல்லிப்போட்டுப் போடற" என்றார். "சொல்லாமப் போடு."

இப்போது எங்கள் காரில் இருக்கிற மீட்டரில் இருபது, நாற்பது, அறுபது மட்டும்தான். அந்தத் திருநெல்வேலித் தம்பி அடித்துத் தந்தது, வெள்ளை எழுத்து, நன்றாகவே இருக்கிறது. அடிக்கும்போது, வட்டத்தில் இவ்வளவு இடம் காலியாகக் கிடக்கே, எண்பது போடலியாக்கா, எங்கே வரும் என்று கேட்டார். தெரியலை தம்பி, எண்பதுக்கு நாங்கள் போகவே இல்லை, வெள்ளகோவில் வரைக்கும் சொல்லாமச் சொல்லாமப் பிரேக் போட்டுக்கிட்டேதான் போனோம் என்றேன்.